செகண்ட் ஷைக்கு இணைந்த கணிதம்: கண்டி கிளாஸா, ஸூமா, பழைய பேப்பரா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கணிதப்பிரிவுப் பிள்ளைகள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பௌதிகவியல் பரவாயில்லை, இரசாயனவியல் பரவாயில்லை, இணைந்த கணிதம் மட்டும் எஸ், அதாவது சாதாரண சித்தி. செகண்ட் ஷைக்கு, அதாவது இரண்டாம் தடவை பரீட்சை எழுத, எந்தக் கிளாஸுக்குப் போவது? கண்டிக்குப் போய் நேரடி வகுப்பில் சேரலாம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற சேரிடம் ஸூமில் படிக்கலாம். வீட்டிலிருந்தே கடந்தகால வினாத்தாள்களைச் செய்யலாம். மூன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: நீங்கள் எழுதிய விடையை யாராவது வரிவரியாக வாசித்துத் திருத்துவார்களா?

காரணம் வினாத்தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. இணைந்த கணிதத்தில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொரு தாளிலும் பகுதி ஏ-யில் 10 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 25 புள்ளி. பகுதி பி-யில் 7 வினாக்களில் 5 செய்ய வேண்டும், ஒன்றுக்கு 150 புள்ளி. ஆக ஒரு தாளுக்கு 1000, இரண்டுக்கும் 2000. அதை நூற்றுக்கு மாற்றினால், இரண்டு தாள்களின் பகுதி ஏ மட்டுமே 25 புள்ளி. பகுதி பி-யில் ஒரு முழு வினா 7.5 புள்ளி. விடை திருத்துவோருக்கான புள்ளித் திட்டமோ விடையை ஐந்தும் பத்துமாகப் படிப்படியாக உடைத்துப் புள்ளி கொடுக்கிறது. விசைகளைப் படத்தில் குறித்ததற்கு ஒரு ஐந்து, சமன்பாட்டை எழுதியதற்கு இன்னொரு ஐந்து. கடைசி விடை பிழைத்தாலும் வழியில் கிடைக்க வேண்டியது கிடைக்கும், வழியை எழுதியிருந்தால்.

எஸ் எடுத்த பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தால் பெரும்பாலும் பாடம் விளங்காத குறை தெரியாது. படியைத் தாண்டிப் போன குறைதான் தெரியும். படம் இல்லை, எந்தத் திசையில் எந்த விதியைப் பிரயோகித்தோம் என்ற வரி இல்லை, தொகையீட்டில் எல்லைகள் மாறியதை எழுதவில்லை. இதைப் பிள்ளையால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அவருடைய மனதில் அந்தப் படி இருக்கிறது. பெறுபேற்றுத் தாளும் உதவாது. அதில் எஸ் என்றுதான் இருக்கும், எந்தத் தாளில் எத்தனை புள்ளி போனது என்று இருக்காது.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியோடு சேர்த்துப் பார்த்தால் இதன் பெறுமதி இன்னும் தெளிவாகும். ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரி எடுக்கிறார்கள். விளங்குவதற்காக நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். பகுதி பி-யில் ஒரு வினா கூடுதலாகச் சரியாக வந்தால் 7.5 புள்ளி, அதாவது அந்தப் பாடத்தில் 0.375, மூன்றின் சராசரியில் 0.125. அந்த அளவு வித்தியாசத்துக்குள் நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டி இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஒரு வினா எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை நினைத்தால், கைவிட்டுப் போகும் ஒவ்வொரு ஐந்து புள்ளிக்கும் மனம் பதறுகிறது.

சரி, கண்டி வகுப்பு. நல்ல சேர்மார் இருக்கிறார்கள், போட்டி இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கலாம். தோட்டப் பாடசாலையில் கணிதப்பிரிவில் நாலைந்து பேரோடு மட்டும் படித்தவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ போகிறவருக்கு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸிலேயே நாள் போய்விடும். போக்குவரத்துச் செலவு கொழுந்துச் சம்பளத்திலிருந்து வர வேண்டும். மண்டபம் நிறைந்த வகுப்பில் உங்கள் தாளைத் திருத்த யாருக்கும் நேரமும் இருக்காது. தியரியை மறுபடி முதலிலிருந்து நடத்தும் வகுப்பென்றால், தெரிந்ததையே திரும்பக் கேட்க இவ்வளவு தூரம் போகாதீர்கள். வினாத்தாள் எழுதிப் பழக்கும் பேப்பர் கிளாஸ் என்றால், அதுவும் எழுதிய தாளைத் திருத்தித் திருப்பித் தருகிறார்கள் என்றால், போகலாம்.

ஸூம் வகுப்பு தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வரம். மலையகத்தில் இணைந்த கணிதம் தமிழில் படிப்பிக்க ஆளில்லாமல் கணிதப்பிரிவே தொடங்காத பாடசாலைகள் பல உண்டு. அங்கே இருக்கிற பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துச் சேர் லயத்துக்குள்ளேயே வருகிறார். பதிவை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். மழைக்கு கரண்ட் போவதும், சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடுவதும் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். அதைப் பதிவுகள் ஓரளவு சமாளிக்கும். எனக்குக் கவலை தருவது வேறு. சேர் கணக்கைச் செய்யும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும், கை மட்டும் சும்மா இருக்கும். திரையைப் பார்த்த நேரம் எழுதிய நேரத்தை விடக் கூடினால் அந்த வகுப்பால் புள்ளி ஏறாது. வினாவைப் போட்டதும் திரையை நிறுத்திவிட்டு, நீங்களே செய்து முடித்த பிறகு மீதியைப் பாருங்கள். விடையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திருத்தித் தருவாரா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

மூன்றாவது வழிக்குத்தான் என் மனம் சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும் கையில் இருக்க வேண்டும், தாளைத் திருத்த ஒரு ஆளும் இருக்க வேண்டும். பழைய பாடசாலை ஆசிரியர், பேராதனையில் படிக்கும் அக்கா, உங்களைப் போலவே செகண்ட் ஷை எழுதும் நண்பர், யாரானாலும் சரி. நண்பரோடு தாளை மாற்றி, புள்ளித் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, இரக்கமில்லாமல் திருத்துங்கள். தொடக்கமாக, பரீட்சையில் நீங்கள் எழுதிய அதே வினாத்தாளையே நேரம் வைத்து மறுபடி எழுதுங்கள். புள்ளி எங்கே போயிருக்கும் என்பது அதில் ஓரளவு தெரியவரும்.

அப்புறம், எதை முதலில் பிடிப்பது? முதலில் பகுதி ஏ. அங்கே பத்தும் செய்ய வேண்டும், தெரிவு கிடையாது, எந்த அலகையும் விட முடியாது. பகுதி பி-யில் இரண்டாம் தாளின் 17ஆம் வினா நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். இயக்கவியலில் தடுமாறுகிறவர்கூட அதைத் தனியாகப் படித்து முடிக்கலாம், ஆனாலும் பலர் அதைக் கடைசிக்குத் தள்ளி விட்டுவிடுகிறார்கள். 16இல் வரும் திணிவு மையமும் வழக்கமான ஒரே தடத்தில் போகும் கணக்கு. முதல் தாளில் தாயமும் (மெட்ரிக்ஸ்) சிக்கலெண்ணும் அப்படியே. எளிமை இசை இயக்கத்தோடு மல்லுக்கட்டுவதை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பாடசாலையில் சில அலகுகள் படிப்பிக்கவே படாமல் போனவர் அந்த அலகுகளுக்கு மட்டும் ஸூமில் சேரட்டும். எல்லாம் படித்தும் எஸ் எடுத்தவர் வீட்டிலிருந்து பேப்பர் செய்யட்டும். கண்டி, அங்கே தங்குவதற்கு உறவினர் வீடு இருப்பவருக்கு. எந்த வழியானாலும் மற்ற இரண்டு பாடங்களையும் கைவிடாதீர்கள். மூன்றிலும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும் என்பதால் மூன்றையும் மறுபடி எழுதத்தான் வேண்டும். ஏற்கெனவே பி எடுத்த பௌதிகவியல் சி-க்கு இறங்கினால் கணிதத்தில் உழைத்தது அங்கே கரைந்துவிடும்.

விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதன் முடிவுக்காகப் படிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது, அடுத்த பரீட்சை அந்த நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று அமர்வுகள் கணக்கில் வரும், ஆகவே தேர்ட் ஷை இன்னும் இருக்கிறது என்ற தைரியம் இருக்கலாம். ஆனால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிப்பவருக்குப் பாடசாலை நினைவூட்டாது, திகதியை நீங்களே கவனித்து ஒன்லைனில் அனுப்ப வேண்டும்.