லைவ் ராக்கா, டிரை ராக்கா? முதல் பவளத் தொட்டிக்கு எந்தக் கல்?

கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கத் தொட்டி வந்தாயிற்று, உப்பும் கலந்தாயிற்று. அடுத்த குழப்பம் கல். உயிர்களோடு ஈரமாக வருவது லைவ் ராக். காய்ந்து வருவது டிரை ராக்.

செலவு: டிரை ராக் மலிவு. லைவ் ராக் காயாமல் வந்து சேர வேண்டும், அதனால் விலை கூடும்.

நேரம்: லைவ் ராக்கில் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும், கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் வேலை சீக்கிரம் தொடங்கிவிடும். டிரை ராக்கில் முதலிலிருந்து வளர்க்க வேண்டும். 4 முதல் 6 வாரம் பிடிக்கலாம். அப்புறம் பழுப்புப் பாசி வேறு படுத்தும்.

தொல்லை: லைவ் ராக் சறுக்குவது இங்கேதான். எய்ப்டேசியா என்ற கொட்டும் அனிமோன் (பூப்போலத் தெரியும் கடல் உயிர்) ஒன்று ஒட்டி வந்தால் போதும். பிய்த்தால் துணுக்கிலிருந்தே மறுபடி முளைக்கும். மான்டிஸ் இறால் வந்தாலோ, மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். டிரை ராக்கில் இந்தப் பயம் இல்லை.

அடுக்குவது: டிரை ராக்கை நிதானமாக உடைத்து, ஒட்டி, குகை அமைக்கலாம்.

பொறுமை இருந்தால் டிரை ராக். என் ஓட்டு அதற்கே. சிற்றுயிர்கள் நிறைந்த தொட்டி சீக்கிரம் வேண்டுமென்றால் லைவ் ராக். டிரை ராக்கோடு ஒரு சின்ன லைவ் ராக் துண்டைச் சேர்ப்பதும் உண்டு. சரி, ஆனால் அந்தத் துண்டை முதலில் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனியுங்கள்.