கபேசா பிரியேட்டா வனவிலங்குப் புகலிடம்: வசதியைத் தேடுவோருக்கு அல்ல

அமெரிக்காவின் அரிசோனாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி 1939-இல் அமைக்கப்பட்ட இந்தப் பாலைவனப் புகலிடம் ஏறத்தாழ 8,60,000 ஏக்கர் பரப்புடையது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரம் என்பதால், தார்ச்சாலையையோ குடிநீர்க் குழாயையோ எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமே அடைவர்.

உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம். வான்படைப் பயிற்சி நடக்கும் பகுதி இது என்பதால், நேரக்கூடிய ஆபத்துகளை அறிந்தே வருவதாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். எரிச்சலூட்டும் நடைமுறைதான், ஆனால் கூட்டம் சேராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'எல் காமினோ தெல் தியாப்லோ' என்னும் பழைய தடத்தில் மாவு போன்ற புழுதி சக்கரத்தை விழுங்கிவிடும். நான்கு சக்கரமும் இயங்கும், தரையிலிருந்து உயரமான வண்டி இன்றி அங்கு இறங்குவது விவேகமன்று. புழுதியைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கி ஓட்டுவதோ பெரும்பிழை, ஏனெனில் நுண்ணுயிர்களால் இறுகிய மேல்மண் ஒருமுறை நொறுங்கினால் அந்தச் சக்கரச்சுவடு பல பத்தாண்டுகளுக்கு அழியாது.

மார்ச் 15 முதல் ஜூலை 15 வரை பெரும்பகுதி மூடப்படுவதைக் குறைகூற மனம் வரவில்லை. 2002-இன் கடும் வறட்சியில் அமெரிக்கப் பகுதியில் ஏறக்குறைய இருபதாகக் குறைந்துபோன சோனோரன் பிராங்ஹார்ன் மான்கள், குட்டிகளைத் தொந்தரவின்றி வளர்க்கும் பருவம் அது.

குளிர்காலமே உகந்தது. தண்ணீரையும் எரிபொருளையும் அருகிலுள்ள அஹோ ஊரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.