தனியார் விமானிக்கு மூன்று மருத்துவ வழிகள்: அமெரிக்க விதிகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஊதியம் பெறாமல், சொந்த விருப்பத்துக்காக விமானம் ஓட்டும் தனியார் விமானி தம் உடல் தகுதியை நிறுவ மூன்று வழிகள் உள்ளன. அவை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், 2017 மே 1 முதல் நடப்பில் உள்ள பேசிக்மெட் என்ற எளிய மாற்றுமுறை, கார் ஓட்டுநர் உரிமத்தையே போதுமான சான்றாக ஏற்கும் ஸ்போர்ட் பைலட் முறை ஆகியன.

மூன்றாம் வகுப்புச் சான்றிதழுக்கான பரிசோதனையை எஃப்.ஏ.ஏ. நியமித்த மருத்துவப் பரிசோதகர் மட்டுமே செய்ய முடியும். பரிசோதனையின்போது 40 வயது நிரம்பாதவருக்கு அது 60 மாதங்களும், மற்றவர்களுக்கு 24 மாதங்களும் செல்லும். விமானத்தின் எடைக்கோ உயரத்துக்கோ இச்சான்றிதழ் வரம்பு விதிப்பதில்லை; வெளிநாடுகளுக்குப் பறக்க நினைப்பவருக்கும் இதுவே உகந்தது. ஆனால் மாரடைப்பு, வலிப்பு போன்ற வரலாறு உள்ளவர் சிறப்பு அனுமதி கேட்டு, அறிக்கைமேல் அறிக்கையாக அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

பேசிக்மெட்டில் மாநில உரிமம் பெற்ற எந்த மருத்துவரும் பரிசோதிக்கலாம். பரிசோதனை 48 மாதங்களுக்கு ஒருமுறை, இணையவழிப் பாடம் 24 மாதங்களுக்கு ஒருமுறை. செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் எஃப்.ஏ.ஏ.வுக்குப் போகாமல் விமானியிடமே இருப்பது பலருக்கு ஆறுதல். 2024 நவம்பரில் வரம்புகள் தளர்ந்தன: 12,500 பவுண்டு எடை வரையிலான, ஏழு பேருக்கு மிகாமல் ஏற்ற அனுமதியுள்ள விமானத்தை, 18,000 அடிக்கு மேற்படாமல், 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்குள் ஓட்டலாம். வார இறுதியில் பறப்பவர் இந்த வரம்புகளை முட்டுவது அரிது. நடுவயதைக் கடந்த, பெரிய நோய் எதுவும் இல்லாத விமானிக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து.

ஸ்போர்ட் பைலட் முறையில் மருத்துவரே இல்லை. 2025 அக்டோபரில் விதிகள் விரிந்தபின் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானங்களும் இதற்குள் வந்துவிட்டன. இருப்பினும் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். இரவில் பறக்க வேண்டுமானால் பேசிக்மெட்டோ மருத்துவச் சான்றிதழோ தேவைப்படும்.

இவற்றுள் எது எளிது என்பதைவிட, எதை முதலில் நாடுவது என்பதே முக்கியமான கேள்வி. கடைசியாகச் செய்த மருத்துவச் சான்றிதழ் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால், பேசிக்மெட்டும் ஓட்டுநர் உரிம வழியும் சேர்ந்தே அடைபடும். சான்றிதழ் வெறுமனே காலாவதியாகியிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே உடல்நிலையில் ஐயம் உள்ளவர், விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே விமான மருத்துவப் பரிசோதகர் ஒருவரிடம் தனியே ஆலோசனை பெறுவது நல்லது. மறுபுறம், 2006 ஜூலை 14க்குப் பிறகு ஒருமுறையேனும் மருத்துவச் சான்றிதழ் வைத்திருந்தவருக்கே பேசிக்மெட் கிட்டும் என்பதால், புதிதாகப் பறக்கத் தொடங்குபவர் அதை அடைய மூன்றாம் வகுப்புப் பரிசோதனையில் ஒருமுறை தேறியே ஆக வேண்டும்.