30 முட்டையும் கூமுட்டை, 7,850 ரூபாய் போச்சு

குஞ்சு பொரிக்கிற மெஷினில் வாத்து முட்டை வைத்து இன்றோடு பத்து நாள். மகள் ஸ்கூலுக்குக் கிளம்பியதும் நான்கு முட்டைகளை உடைத்துப் பார்த்துவிட்டேன். நான்கிலும் தண்ணியான மஞ்சள் கரு மட்டும்தான், ஒரு ரத்தக் கோடுகூட இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கொடுங்கையூரில். ஐந்தாவது படிக்கிற மகளுக்கு வாத்துக்குஞ்சு வேண்டுமாம். பொன்னேரியில் என் பாட்டி அடைக்கோழிக்கு அடியில் வாத்து முட்டை வைத்துப் பொரிக்க வைப்பார். கோழிமுட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரம் கோழியை எழுந்திருக்க விடாமல் பாட்டி பட்ட பாடு தனிக்கதை. எங்கள் தெருவில் அடைக்கோழிக்கு எங்கே போவது? பழைய சோபாவிலிருந்து லவ்பேர்ட்ஸ் வரை விற்கிற ஒரு செல்போன் செயலியில் தேடினேன். குஞ்சு பொரிக்கும் மெஷின், கூடவே கரு உள்ள வாத்து முட்டை என்று ஒரு விளம்பரம் இருந்தது.

போன் செய்தால் எடுத்த எடுப்பிலேயே "சொல்லுங்கக்கா". அப்புறம் வீடியோ கால். மெஷினுக்குள் ஈரம் காயாத குஞ்சு ஒன்று ஓட்டை உடைத்துத் தலையை நீட்டுகிறது. மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாப்பாவுக்காக நானே பொறுக்கி அனுப்புறேன்க்கா. 30-க்கு 25 பொரியலைன்னா என்னைக் கேளுங்க" என்றான். அந்தக் குஞ்சு அவன் முட்டையில் வந்ததுதானா என்று கேட்கத் தோன்றவில்லை. பாப்பா என்ற ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். மெஷின் 6,400, முட்டை ஒன்று 40 வீதம் 1,200, பார்சல் 250. ஆக 7,850 ரூபாயையும் அன்று சாயங்காலமே அனுப்பினேன்.

வந்த முட்டைகள் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. என்ன சுத்தம் என்று வேறு மெச்சிக்கொண்டேன்! அடை வைக்கிற முட்டையைக் கழுவவே கூடாதாம். ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே போய்விடும். இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. பார்சலில் குலுங்கி வந்ததால் ஒரு நாள் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, மறுநாள் மெஷினில் அடுக்கினேன். திரையில் 37.5 டிகிரி என்று காட்டியது. மகள் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டுக் கொடுக்க, வேளை தவறாமல் திருப்பினோம்.

ஏழாம் நாள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு பிடித்திருந்தால் இதற்குள் சிலந்திவலை மாதிரி நரம்பு தெரிந்திருக்க வேண்டும். முப்பதும் பல்பு மாதிரி வெறுமனே எரிந்தன. "எல்லாம் தூங்குதாம்மா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் சந்தேகம் வந்து, வீட்டிலிருந்த பாதரசக் காய்ச்சல் தெர்மாமீட்டரை உதறி உள்ளே வைத்தேன். திரையில் காட்டும் 37.5 செல்சியஸுக்கு இதில் ஃபாரன்ஹீட் கணக்கில் 99.5-இல் நிற்க வேண்டியது, 103 காட்டியது. மறுபடி உதறி வைத்தேன், அப்போதும் 103. திரையில் மட்டும் அதே 37.5. ஆக மெஷினும் பொய். ஆனால் சூட்டில் கரு செத்திருந்தால் உள்ளே ஒரு ரத்த வளையமாவது தெரியும். இதில் அதுவும் இல்லை. முட்டையில் கருவே கிடையாது.

முதல் தடவை கூப்பிட்டபோது "28 நாள் ஆகட்டும்க்கா, அவசரப்படாதீங்க" என்றான். மறுநாள், "உங்க ஏரியால கரண்ட் ஏத்த இறக்கமா வரும் மேடம், அதுக்கு நான் என்ன பண்றது?" ஒரே ராத்திரியில் அக்கா மேடம் ஆகிவிட்டேன். "சரி, உங்ககிட்ட ஆண் வாத்து எத்தனை இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "முட்டை வேற பார்ட்டிகிட்ட வாங்குறது மேடம்" என்று வைத்தவன்தான், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. செயலிக்காரர்களிடம் முறையிட்டால், பொருள் கைக்கு வந்த 3 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். முட்டையில் கரு இருக்கிறதா என்று 3 நாளில் நான் எப்படிப் பார்ப்பது? அதற்கு வந்த பதில்: உங்கள் கருத்துக்கு நன்றி.

31-ஆவது கூமுட்டை நீதான் என்கிறார் வீட்டுக்காரர். 7,850 ரூபாயைக் கொடுத்துவிட்டு நான் என்ன பதில் பேசுவது? நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது எழுதக் கை வரவில்லை. வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். ஆண் வாத்து இருக்கிறதா என்று நேரில் பார்த்து முட்டை வாங்குங்கள். கழுவின முட்டை வேண்டாம். மெஷினை ஒரு நாள் சும்மா ஓடவிட்டு வேறு தெர்மாமீட்டரில் சூட்டைப் பாருங்கள். இங்கே பக்கத்தில் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்குத்தான் புத்தி போகவில்லை.

மீதி 26 முட்டையும் இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. மகள் வருவதற்குள் எடுத்துப் போட வேண்டும்.