விலை கேட்கத் தெரியும், பதில்தான் புரியாது: நேபாளி மொழி கற்றுத்தந்த செயலியோடு என் அனுபவம்

நான் நேபாளி மொழி கற்ற செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். அடுத்த மாதம் நேபாளத்தில் உள்ள போக்ராவுக்குக் கிளம்பும் நண்பர் "வாங்கலாமா?" என்று கேட்டார். வாட்ஸப்பில் பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். செயலியின் பெயர் அவருக்குத் தெரியும், அது போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு அருமை. ஸ்டுடியோ குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசாமல், கடைத்தெருவில் காதில் விழுகிற வேகத்திலேயே பேசுகிறார்கள். கடைக்கார அம்மாவை 'தீதி' (அக்கா) என்று கூப்பிட்டுவிட்டு விலை கேட்கவும், 'மிலாயெர தினுஸ் ந' என்று கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தரச் சொல்லவும் இதில்தான் பழகினேன். தால்பாத் கடையில் தட்டு காலியாக விடமாட்டார்கள், சோறும் பருப்பும் வந்து விழுந்துகொண்டே இருக்கும். தட்டின் மேல் கையை விரித்து 'புக்யோ, புக்யோ' (போதும், போதும்) என்றால்தான் நிற்கும். அந்த ஒரு சொல்லுக்கே சந்தா தகும் என்று அப்போது தோன்றியது.

ஆனால் எண்கள்! 20 வரை சொல்லித்தருகிறது, பிறகு பத்து பத்தாகத் தாவுகிறது. நடுவில் உள்ளதை நாமே கோத்துக்கொள்ள வேண்டுமாம். முப்பதோடு ஐந்தைச் சேர்த்தால் முப்பத்தைந்து, தமிழில் சரி. நேபாளியில் 30 தீஸ், 5 பாஞ்ச், 35 மட்டும் பைந்தீஸ். 50 பச்சாஸ், 85 பச்சாசி. பேருந்தில் நடத்துநர் ஓடுகிற போக்கில் சொல்வதில் அந்தக் கடைசி எழுத்தை யார் பிடிப்பது?

காத்மாண்டு அசன் சந்தையில் ஆரஞ்சு கிலோ என்ன விலை என்று செயலி சொன்னபடியே அழகாகக் கேட்டேன். 'டேட் சய' என்றார் கடைக்காரர். செயலி தந்திருந்ததோ 'ஏக் சய பச்சாஸ்'. இரண்டும் 150தான். நான் விழிப்பதைப் பார்த்து அவர் இந்திக்கு மாறினார். நம் முகத்தைப் பார்த்தால் எல்லாரும் இந்திக்குத்தான் மாறுகிறார்கள். இந்தி தெரியாத தமிழன் அங்கே போய் நிற்பான் என்று செயலிக்காரருக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. எண் பிடிபட்டாலும் 'ஐ.சி.யா, என்.சி.யா' (இந்தியக் காசா, நேபாளக் காசா) என்று இன்னொரு கேள்வி பாக்கி. இந்திய ரூபாய் 1 என்றால் நேபாள ரூபாய் 1.60. அதே 150, நம் காசில் சொல்லப்பட்டால் அவர்கள் காசில் 240 ஆகிவிடும். இதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. உள்ளூர்க் கடைப் பலகைகளில் விலை தேவநாகரி (இந்தி, நேபாளி எழுதும் எழுத்து) எண்களில் இருக்கும். அதுவும் கிடையாது.

புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. அடுத்த பதிப்பில் புதிதாகச் சேர்ந்த பாடம் பொழுதுபோக்குகள் பற்றியது. எனக்குத் தோட்டக்கலை பிடிக்கும் என்று ஆரஞ்சுக் கடையில் சொல்லி என்ன செய்வது?

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. நூறு வரை எல்லா எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொன்னால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஓடிவிடுவார்கள். சரி, விருப்பப்பட்டவர்களுக்காகவாவது வைத்திருக்கலாமே.

ஆகவே நண்பரே, பாதி விலைக்கும் வாங்காதீர்கள். நமஸ்தே, தீதி, புக்யோ எல்லாம் இலவசப் பாடங்களிலேயே இருக்கின்றன, தரவிறக்கிக்கொள்ளுங்கள். 1 முதல் 100 வரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். 'கதி ஹோ?' (எவ்வளவு?) என்று கேட்ட கையோடு போனில் கால்குலேட்டரைத் திறந்து நீட்டிவிடுங்கள், அவர்களே தட்டிக் காட்டுவார்கள்.