தராசைக் கொம்பியூட்டரோடு இணைக்கப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததை வாசித்துவிட்டுப் போங்கள்

கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். புறக்கோட்டையில் ஒரு கொம்பியூட்டர் கடை, ஒரு தராசு வயருக்காக எங்களிடம் 38,500 ரூபா வாங்கியது. கடைசியில் நல்ல தராசைப் பழுது என்று சொல்லித் திறக்கவும் பார்த்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

நகையை நிறுத்து, தராசில் தெரிவதைக் கையால் எழுதி, கடை பூட்டும் நேரத்தில் கொம்பியூட்டரில் அடிப்பதுதான் இவ்வளவு காலமும் எங்கள் வழக்கம். மாசியில் ஒரு காப்பின் நிறை 7.86 கிராம் என்பதைப் பையன் 7.68 என்று எழுதிவிட்டான். ஒரு பவுனே 8 கிராம்தான். அதில் 0.18 கிராம் பிழைத்தால் யாருடைய வயிறு எரியும் என்று இந்தத் தெருவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தராசின் பின்பக்கம் ஒன்பது ஊசிச் சீரியல் போர்ட் இருக்கிறது. நேரே கொம்பியூட்டருக்குக் கொடுத்துவிட்டால் கையெழுத்துப் பிழைக்கு இடமில்லை என்று நினைத்தேன்.

இப்போது வருகிற கொம்பியூட்டர்களில் அந்தப் போர்ட் இல்லை. அதை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் கொன்வேர்ட்டர் வேண்டும். கடையில் கேட்டதும், "ஒரிஜினல் அண்ணே, எந்தத் தராசுக்கும் சரி வரும்" என்று கொன்வேர்ட்டரும் கேபிளும் 14,500க்குக் கொடுத்தார்கள். தராசின் மொடல் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

கொண்டுவந்து செருகினால், செருகிய சாமான்களைக் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் பிழை என்று மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் ஒரு வரி: பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும். அதாவது உள்ளே இருப்பது அந்தப் பழைய சிப், அல்லது அதன் போலி. விண்டோஸ் 11இன் புது டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் சொப்ட்வெயார், அதை ஏற்றுக்கொள்ளாது. விற்றவரைத்தான் தொடர்புகொண்டேன். ஒரு தம்பியை அனுப்பினார்கள். பென் டிரைவில் இருந்து பழைய டிரைவரைப் போட்டார், முக்கோணம் போய்விட்டது, 'கொம் 3' என்று போர்ட்டின் பெயர் வந்தது. நிறை மட்டும் வரவில்லை. "அதுக்குத் தராசு சொப்ட்வெயார் போடணும் அண்ணே" என்று 18,000 வாங்கினார். போட்டார். கறுப்பு யன்னல் ஒன்று திறந்தது, அதிலும் ஒன்றும் வரவில்லை. வந்ததற்கு 3,000.

இரண்டு நாளில் விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி முக்கோணம் திரும்பி வந்தது. தம்பியும் திரும்பி வந்தார், இன்னொரு 3,000. இந்த முறை தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போர்ட் எரிஞ்சிருக்கு, கழற்றிப் பார்க்கணும், இல்லாட்டிப் புதுசு எடுங்க" என்றார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தார் சரிபார்த்துப் போட்ட முத்திரை அதில் இருக்கிறது. அது உடைந்தால் மறுபடி சரிபார்க்கும் வரை அந்தத் தராசில் ஒரு மூக்குத்திகூட நிறுத்து விற்க முடியாது. அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான்.

அடுத்த ஞாயிறு, கட்டுபெத்தவில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் வந்தான். வேறு கடையில் வேறு சிப் போட்ட கொன்வேர்ட்டர் ஒன்று வாங்கிவந்தான். பட்டறையில் இருந்து ஒரு துண்டு செப்புக் கம்பி கேட்டான். கொன்வேர்ட்டரின் 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் அந்தக் கம்பியால் தொடுத்துவிட்டு, கீபோர்டில் எதையோ தட்டினான். தட்டியது அப்படியே திரையில் திரும்பி வந்தது. கம்பியை எடுத்தான், வரவில்லை. "மாமா, கொன்வேர்ட்டர் சரி. இனிப் பிழை கேபிளில்" என்றான். ஒரு நிமிஷ வேலை. காசு வாங்கிய தம்பி இதை ஒரு தடவையும் செய்து பார்க்கவில்லை.

ஒன்பது ஊசி இருந்தாலும் எங்கள் தராசுக்கு வேண்டியது மூன்றுதான். கொம்பியூட்டர் பக்கம் 2 கேட்கிற ஊசி, 3 பேசுகிற ஊசி, 5 இரண்டுக்கும் பொது. எங்கள் தராசிலும் 3தான் பேசுகிறது. 2ஐ 2க்கும் 3ஐ 3க்கும் கொடுக்கும் நேர்க் கேபிள் போட்டால் பேசுகிற ஊசியும் பேசுகிற ஊசியும் முகம் பார்த்து நிற்கும், கேட்க ஆளில்லை. 2ஐயும் 3ஐயும் மாற்றிக் கட்டிய, நல் மோடம் (null modem) என்கிற கேபிள் வேண்டும். சில தராசுகளுக்கு நேர்க் கேபிள்தான் சரி. அதனால்தான் மொடலைக் கேட்காமல் யாரும் கேபிள் கொடுக்க முடியாது.

வயரை மாற்றி ஒட்டினான். இப்போது திரையில் புள்ளியும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது. தராசின் கையேட்டைப் புரட்டினான்: வேகம் 2400, 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை பார்க்கும் முறை). கொம்பியூட்டரில் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை என்று இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் எழுத்து சரியாக வரும். மாற்றினான். தட்டில் ஒரு தங்கக் காசை வைத்து பிரிண்ட் பட்டனை அமத்தினேன். தராசில் 8.012, திரையிலும் 8.012. போர்ட் எரியவே இல்லை.

பிறகுதான் அந்த 18,000 ரூபா சொப்ட்வெயாரைத் திறந்து பார்த்தான். புட்டி (PuTTY), போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் ஒரு புரோகிராம். இன்டர்நெட்டில் யாரும் இலவசமாக இறக்கலாம். குறுக்குவழி ஐகனின் பெயரை மாற்றி 'தராசு' என்று வைத்திருந்தார்கள்.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். "பாவிச்ச சாமான் அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் 'கேபிள் 1' என்று மட்டும் இருக்கிறது. சொப்ட்வெயாருக்கும் வந்துபோனதற்கும் துண்டே இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துச் சொல்லி, எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பிந்தினால் சரி வராது. ஆகவே பில்லில் கொன்வேர்ட்டரின் சிப் பெயர், கேபிள் நேரா மாற்றா என்பது, சொப்ட்வெயாரின் பெயர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடையில், உங்கள் தராசின் நிறை உங்கள் திரையில் வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். எழுத மாட்டோம் என்றால் அங்கே வாங்கவே வேண்டாம்.

போன கிழமை எங்களுக்கு இரண்டு கடை தள்ளி அதே தம்பியைப் பார்த்தேன், கையில் அதே நீலக் கேபிள். இதே பிரச்சினையில் நிற்பவர்கள் தராசின் மொடலை எழுதிக்கொண்டு எங்கள் கடைக்கு வாருங்கள். எந்த ஊசியை எதோடு கட்டினோம் என்று படம் கீறித் தருகிறேன்.