640 டாலர் போய்விட்டது: கை நீளமானவர்கள் குட்டை வேட்டை வில் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வில்லை விற்றவரிடமிருந்து கடைசி பதில் நேற்று இரவு வந்தது. "பழைய வில். விற்றது விற்றதுதான். இனி எழுத வேண்டாம்." அவ்வளவுதான். 640 டாலருக்கு இரண்டு வரி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் சும்மா இருந்துவிடுவேன், அடுத்த ஆள் அதே இடத்தில் விழுவார்.

இங்கே மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் ஆளாளுக்கு வில் தேடுகிறோம். அந்த அவசரத்தில்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது. விற்றவர் பழைய மரபு வில்களை வாங்கி, மேல்பூச்சைப் புதுப்பித்து, இணையத்தில் படம் போட்டு விற்கிறவர். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அடையாளம் கண்டுகொள்ளும் வழி போதும்.

முதலில் அளவுகள். அது இல்லாமல் எதுவும் புரியாது. என் கை விரிப்பு 78 அங்குலம். இழுப்பு நீளம், அதாவது நாணை முழுவதும் இழுத்து நிறுத்தும்போது அம்பில் அளக்கும் தூரம், 31 அங்குலம். விரிப்பை 2.5 ஆல் வகுத்தால் வருகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது கிட்டத்தட்ட காம்பவுண்ட் (கப்பி வைத்த நவீன) வில்லுக்கான கணக்கு, கப்பி இல்லாத மரபு வில்லில் பலருக்கும் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறையும். சரியான வழி: 25 பவுண்ட் போல லேசான வில்லில் நீண்ட அம்பை வைத்து, வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு, வாயோரமோ கன்ன எலும்போ, இழுத்து நில்லுங்கள். கைப்பிடியின் மிக ஆழமான இடத்துக்கு நேரே அம்பில் இன்னொருவரை மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். அம்பின் பின்முனையில் நாண் மாட்டும் பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்டினால் ஏ.எம்.ஓ. (வில் தயாரிப்பாளர் சங்கத்தின் அளவு முறை) முறைப்படி உங்கள் இழுப்பு நீளம். மூன்று முறை எடுத்துப் பாருங்கள். எனக்கு மூன்று முறையும் 31 அங்குலத்தை ஒட்டியே வந்தது.

குட்டை வில் எதற்கு என்று கேட்பார்கள். தரையில் கூடாரம் போட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து எய்யும்போது 64 அங்குல வில்லின் மேல் நுனி துணியில் இடிக்கும், கீழ் நுனி முட்டியில் இடிக்கும். மரத்து மேடையில் உட்கார்ந்தால் கம்பியில் தட்டும். அந்த 'டங்' சத்தத்துக்கு மான் போயே போய்விடும். அதனால்தான் இந்த மிச்சிகனிலேயே கிரேலிங் ஊரில் வில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபிரெட் பேர் 1960-களில் 52 அங்குலத்தில் கோடியாக் மேக்னம் என்ற வில்லைப் போட்டார். (நான் ஏமாந்தது அந்த நிறுவனத்து வில் அல்ல, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.) 28 அங்குலம் இழுக்கிறவருக்கு 52 அங்குல ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) நல்ல கருவி. 31 இழுக்கிறவருக்கு அதே வில் வேறு பொருள்.

பட்டியலில் இருந்தது இதுதான்: '56 அங்குல ரீகர்வ், 45 பவுண்ட் 28-ல், 31 வரை வசதியாக இழுக்கலாம், குட்டை வில்களில் இவ்வளவு மென்மை அரிது.' 28 அங்குலம் இழுக்கும்போது 45 பவுண்ட் விசை வேண்டும் என்பதுதான் அந்த '45 பவுண்ட் 28-ல்'. விலை 660 டாலர்.

நம்பியது எந்த இடத்தில் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்த ஆள் கேட்ட கேள்விகளில்தான். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கை விரிப்பு எவ்வளவு, நாணை மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைத்துப் பிடிப்பீர்களா, ஒன்று மேலே இரண்டு கீழேயா, எங்கே நிறுத்துவீர்கள், கூடாரமா மேடையா, அம்பு எத்தனை கிரெய்ன் எடை. இத்தனையும் கேட்டுவிட்டு, "31 என்றால் யோசித்துத்தான் தர வேண்டும், இந்த ஒரு வில்லைத்தான் உங்களுக்குத் தைரியமாகத் தருவேன், நானே 32 வரை இழுத்துப் பார்த்திருக்கிறேன்" என்றார். விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்விகள். தெரிந்தவர்தான். தெரிந்தே விற்றார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கூடவே, "கட்டணம் பிடிக்காத மாதிரி, நண்பருக்கு அனுப்பும் வழியில் பணம் போடுங்கள், 20 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். 640 ஆனது அப்படித்தான். அந்த 20 டாலருக்காக வாங்குபவருக்கான பாதுகாப்பு முழுவதும் போய்விட்டது. அப்படி அனுப்பிய பணத்தைப் பொருளுக்குக் கொடுத்த பணமாகவே செயலி கணக்கில் எடுக்காது.

வில் வந்தது. பார்க்க அழகு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முதலில் சந்தேகம் வந்தது நாணில்தான். ரீகர்வ் வில்லுக்கு நாண் பொதுவாக வில்லின் ஏ.எம்.ஓ. நீளத்தைவிட 4 அங்குலம் குறைவு. 56-க்கு 52 அங்குல நாண் வந்திருக்க வேண்டும். கூட வந்த நாணை அளந்தால் 48. டேப்பை நாண் இல்லாத வில்லின் உள்பக்கமாக, வளைவோடு ஒட்டவைத்து, நுனிப் பள்ளத்திலிருந்து நுனிப் பள்ளம் வரை ஓட்டினேன். 52 அங்குலம். ஒரு அங்குலமும் கூட இல்லை.

அளவு எழுதியிருக்கும் இடம் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, லிம்ப் (வளைகிற கை) தொடங்கும் பக்கவாட்டில். அங்கே பூச்சு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குழிந்திருந்தது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது: பழைய மை எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். ஆனால் '52'-ல் இருந்த 2-ன் வால் மட்டும் மரத்தின் இழைக்குள் இறங்கி, பழுப்பாக, கொக்கி மாதிரி அப்படியே நிற்கிறது. '45' எழுத்து மட்டும் தொடப்படவே இல்லை. எதை அழிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள்.

தராசில் மாட்டி அளந்த கணக்கு இது. 28 அங்குலத்தில் 46 பவுண்ட். 29-ல் 49. 30-ல் 53. 31-ல் 59. முதல் அங்குலத்துக்கு 3, அடுத்ததற்கு 4, கடைசி அங்குலத்துக்கு 6. இதற்குத்தான் ஸ்டாக்கிங் என்று பெயர். நல்ல வில்லில் 28-க்குப் பிறகு அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்ட் சீராக ஏறும். குட்டை லிம்ப் தன் வளைவை எல்லாம் விரித்து முடித்த பிறகு நாணுக்கும் லிம்ப் நுனிக்கும் இடையிலான கோணம் 90 பாகையை நெருங்கிவிடும். அதற்குமேல் நாண் லிம்பை மடக்குவதில்லை, நீளவாக்கில் பிடித்து இழுக்கிறது. நெம்புகோல் பலன் போய்விடுகிறது. கை உணர்வது சுவரில் மோதிய மாதிரி. அந்தக் கடைசி அங்குலத்தில் தோள் நடுங்கும், நிறுத்தும் இடம் தவறும்.

அதோடு விரல் நசுக்கம். குட்டை வில்லை நீளமாக இழுத்தால் நாண் விரலுக்குமேல் கூர்மையான 'வி' போல மடங்கும். ஒரு விரல் மேலே, இரண்டு கீழே பிடிப்பவர்களுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பின் பின்முனையை இரண்டு பக்கமும் நெரிக்கும். அம்பு தான் உட்காரும் ஷெல்ஃபை விட்டுத் தானாக எழும்பும், விடும்போது நாண் பக்கவாட்டில் சுண்டும். மூன்று விரலையும் கீழே வைத்தால் அம்பின் பின்முனையில் நெரிசல் குறையும், ஆனால் ஸ்டாக்கிங் அப்படியேதான் இருக்கும்.

இந்த இடத்தில் துருக்கிய, கொரிய வில்லை உதாரணம் காட்டி வாயடைப்பார்கள். விற்றவரும் காட்டினார். அந்த வில்கள் குட்டைதான், இழுப்பு நீளம்தான். ஆனால் உள்பக்கம் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் தசைநார், நடுவே மரம். கொம்பு அமுங்குவதையும் நார் நீள்வதையும் சாதாரண மரமும் ஃபைபர்கிளாஸும் அந்த அளவுக்குத் தாங்காது. நாணையும் மூன்று விரலால் இழுப்பதில்லை, மோதிரம் போட்ட கட்டைவிரலால் இழுக்கிறார்கள், அங்கே விரல் நசுங்கும் பேச்சே இல்லை. அந்த வில்லைச் சொல்லி இந்த வில்லை விற்பது அப்பட்டமான ஏமாற்று.

மூன்றாம் நாள் 31-க்கு இழுத்தபோது கீழ் லிம்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். இறக்கிப் பார்த்தால் உள்பக்க ஃபைபர்கிளாஸில், ஃபேட் அவுட்டுக்கு (கைப்பிடிக் கட்டை மெலிந்து லிம்பில் முடியும் இடம்) இரண்டு விரற்கடை தள்ளி, குறுக்காக முடி மாதிரி வெள்ளைக் கோடு. ஃபைபர்கிளாஸில் நீளவாக்கில் வரும் மெல்லிய கோடுகள் பழைய வில்களில் சகஜம், பெரும்பாலும் பயமில்லை. குறுக்குக் கோடு அப்படியல்ல. லிம்ப் அங்கே மடங்குகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வில்லை இழுக்கக் கூடாது, முகத்துக்கு நேரே உடையும். நானும் நிறுத்திவிட்டேன். இனி அது சுவரில் மாட்டும் பொருள். 640 டாலருக்குச் சுவர் அலங்காரம் யாரும் கேட்கவில்லை.

படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "நாண் இல்லாமல் அளந்திருப்பீர்கள், நாண் ஏற்றி அளந்தால் சரியாக வரும்." நாண் ஏற்றினால் நுனிக்கு நுனி தூரம் இன்னும் குறையும், அதிகமாகாது. அதை எழுதினேன். இரண்டாவது பதில்: "நீங்கள் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், முழங்கையைக் கொஞ்சம் மடக்கி 28-ல் நிறுத்தப் பழகுங்கள்." 31 என்று தெரிந்து, 32 வரை தானே இழுத்ததாகச் சொல்லி விற்றவர் இதைச் சொல்கிறார். மூன்றாவது: "ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் போட்டு உடைத்திருப்பீர்கள்." பழைய வில்லின் நுனி வலுவூட்டப்படாமல் இருந்தால், அதிகம் நீளாத அந்த வகை நாண் அறுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் நான் போட்டது அவர் அனுப்பிய, கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டேக்ரான் நாண், அது இழையைப் பார்த்தாலே தெரியும். அதன் படமும் அனுப்பினேன். பிறகு பத்து நாள் பதிலே இல்லை. அதற்குள் பட்டியலில் '31 வரை வசதியாக' என்ற வரி காணாமல் போயிருந்தது, 56 என்ற எண்ணும். நல்லவேளை வாங்கிய அன்றே திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தேன். அதையும் அனுப்பியபோது வந்ததுதான் நேற்றைய இரண்டு வரி. செயலிக்காரர்களிடம் முறையிட்டதற்கும் நண்பருக்கு அனுப்பிய பணம் என்று கைவிரித்துவிட்டார்கள். 640 டாலர் வராது.

எதை வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வில்லின் மொத்த நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃபேட் அவுட் முடியும் இடத்திலிருந்து நுனி வரை, உண்மையில் வளைகிற லிம்ப் எவ்வளவு என்று கேளுங்கள். 60 அங்குல வில்லில் நடுவே 22 அங்குலம் வளையாவிட்டால் பக்கத்துக்கு 19 அங்குலம்தான் வேலை செய்கிறது. 58 அங்குல வில்லில் 16 அங்குலம் மட்டும் வளையாவிட்டால் பக்கத்துக்கு 21. எண்ணில் குட்டையான வில்தான் நீண்ட இழுப்பைத் தாங்கும். என்னிடம் உள்ளதில் பக்கத்துக்கு 16 அங்குலம். அதை வைத்து 31 இழுக்கச் சொன்னார்கள். குட்டையாகவே வேண்டும் என்றால், சிறிய ரைசரும் (வளையாத நடுக்கட்டை) நீண்ட லிம்பும் உள்ளதாக, உங்கள் இழுப்பைச் சொல்லி வில் செய்பவரிடமே செய்து வாங்குங்கள். முடியாதென்றால் 31-க்கு 62, 64 அங்குல ரீகர்வ் எடுங்கள், கூடாரத்தைப் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் காணொளி கேளுங்கள்: அளவு டேப்பை ஒட்டவைத்த வில், தராசு, 28, 29, 30, 31 நான்கிலும் எடை. கடைசி அங்குலத்தில் 4 பவுண்டுக்கு மேல் ஏறினால் வேண்டாம். 45 என்று எழுதியிருப்பது 28-ல்தான், உங்களுக்கு அது 52-ஆகவோ 59-ஆகவோ இருக்கலாம். அம்பின் விறைப்பையும் அந்த எடைக்கே பாருங்கள். 31 இழுப்பவருக்கு அம்பு 32 அங்குலமாவது வேண்டும், இல்லாவிட்டால் பிராட்ஹெட் (வேட்டை அம்பின் கூர்மையான அகல முனை) விரல் கணுவில் வந்து நிற்கும்.

புதுப் பூச்சு அடித்த பழைய வில்லை வாங்கவே வாங்காதீர்கள். எழுத்து அழிந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வந்ததும் பஞ்சு உருண்டையை லிம்பின் இருபக்கமும் தடவுங்கள், சிக்கும் இடத்தில் விரிசல். நாணேற்றக் கயிறு பயன்படுத்துங்கள், காலைக் குறுக்கே விட்டு மடக்கினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், பிறகு "நீங்கள்தான் முறுக்கினீர்கள்" என்பார்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை, இலக்கில் எய்ய மட்டும் வாங்குகிறீர்கள். ஆனால் குட்டை வில், நீண்ட கை கணக்கு அங்கேயும் இதேதான்.

நண்பருக்கு அனுப்பும் வழியில் பணம் போடாதீர்கள். 20 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 640 போனது. படங்கள், தராசு அளவுகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் வைத்திருக்கிறேன். இதே 2-ன் வால் தெரிகிற வில்லை யாராவது மறுபடியும் '56' என்று பட்டியலில் பார்த்தால் சொல்லுங்கள். இதே ஆளிடம் இன்னொன்று இருக்கிறது என்று எனக்கே சொன்னார்.